சாடிக்கு ஊற்ற வேண்டியது

உடம்பிலிருந்து வந்தது வாளிக்கு, போத்தலிலிருந்து வந்தது சாடிக்கு. எங்கள் ஆய்வுகூடத்தில் கழிவுக்கென்று இருந்த சட்டம் இவ்வளவுதான்.

அறுபதுகளின் பின்பாதியில் மாத்தளை மாவட்டத்தில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் ஆய்வுகூட உதவியாளனாக இருந்தேன். ஆய்வுகூடம் என்பது பெரிய வார்த்தை. வெளிநோயாளர் கட்டடத்தின் கடைசி அறை அது. உள்ளே ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு தண்ணீர்க் குழாய், கறை படிந்த நீள மேசை ஒன்று. மேசைக்கு இடப்பக்கம் மூடி போட்ட வெள்ளை எனாமல் வாளி இருக்கும். சளி, இரத்தம், மலம் எல்லாம் அதற்குள் போகும். வாளி தினமும் பின்புறத்து எரிகுழிக்குப் போகும். வலப்பக்கம் கழுத்து குறுகிய பீங்கான் சாடி. ஒரு காலத்தில் அதில் ஊறுகாய் இருந்திருக்க வேண்டும். சாயம், அமிலம், ஸ்பிரிட்டு எல்லாம் சாடிக்கு. சனிக்கிழமைகளில் சாடியைச் சுண்ணாம்புக் குழியில் கவிழ்ப்போம். கழுவும் தொட்டியில் அமிலம் ஊற்றக் கூடாது. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ஓடையில் கீழே சனங்கள் குளித்தார்கள்.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவர் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். எல்லோரும் அவரை லெப் ஐயா என்றார்கள். குரல் உயர்த்தாதவர். காசநோய்க் கிருமியை நூறு கண்ணாடித் தகடுகளில் தேடிவிட்டு நூற்றோராவது தகட்டையும் அதே நிதானத்தோடு வைப்பார்.

மூன்றாமவர் ஒரு பெண். அமயத் தொழிலாளி, அதாவது நாட்கூலிக்கு எடுக்கப்பட்டவர். வாளியைத் தூக்குவது, எரிப்பது, கழுவுவது, அறையைக் கூட்டுவது அவர் வேலை. ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். நாற்பது வயது இருக்கும். கணவர் இறந்துவிட்டாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. வைத்தியசாலைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை கொடுத்திருந்தார்கள். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார், டாக்டர்மார் நிற்கும்போது மட்டும் ஐயா என்பார்.

சனங்கள் மாதிரிகளைக் கொண்டுவரும் விதத்தைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். தீப்பெட்டி, பால் டின், வெற்றிலையில் மடித்த பொட்டலம். பல்லேபொலவிலிருந்து வந்த ஒருவர் சாராயப் போத்தல் நிறையச் சிறுநீர் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

லெப் ஐயா போத்தலைப் பார்த்தார். "உதென்ன, இவ்வளவும் எனக்கோ?"

"கொறைய வெச்சா கோவிச்சுக்குவீங்களோன்னு நெனச்சேங்க."

அக்கா வாசலில் நின்று சிரித்துக்கொண்டு, "காப்போத்தல் போதுங்க. இங்க யாரும் பெரிய குடிகாரங்க இல்ல" என்றார். அந்த மனிதர் போன பிறகு போத்தலை எரிகுழிக்கு அனுப்பவிடாமல் எடுத்து, கொதிதண்ணீரில் இரண்டு தரம் கழுவி, வெயிலில் கவிழ்த்துவைத்தார். மண்ணெண்ணெய் வாங்க ஆகும் என்றார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாளியைத் தூக்குமுன் மூடியைத் திறந்து ஒரு கை பிளீச்சிங் பவுடர் தூவுவார். வடிகான்களுக்குப் போட வைத்தியசாலை கொடுத்த பவுடர் அது. வாளிக்குப் போடும்படி யாரும் சொன்னதில்லை. தோட்டத்தில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வயிற்றுநோய் வந்தால் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் பவுடர் டின்னோடு வருவாராம். நோய் வந்த காம்பரா அறையின் வாசல்படி, எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, கழிவுநீர்க் கான் எல்லா இடமும் வெள்ளையாகத் தூவிவிட்டுப் போவாராம். வெள்ளை விழுந்த படியைத் தாண்டி நோய் அடுத்த வீட்டுக்குப் போகாது என்பது அங்குள்ளவர்கள் கண்டறிந்தது.

"வெள்ள போட்டாச்சுன்னா பயம் இல்ல தம்பி. கை கூசாம தூக்கலாம்."

லெப் ஐயா அதைப் பார்த்திருக்கிறார். நானும் தினமும் பார்த்தேன். கிருமிநாசினித் திரவம் மாதக்கணக்காக வராமல் இருந்த காலம் அது. பவுடர் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. ஆகவே யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அமிலத்தோடு பவுடர் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பயிற்சியில் படித்தது. ஆனால் அமிலம் சாடியில் இருந்தது, பவுடர் வாளியில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு மேசையின் நீளம் இருந்தது.

நான் சொல்லவரும் சம்பவம் நடந்த வருடம் அவருக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கிடைத்திருந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது தானாகக் கிடைக்காத காலம். ஒன்பது வருடம் அமயத் தொழிலாளியாக இருந்தவரை நிரந்தரமாக்க அந்தக் கடதாசி ஒன்றுதான் தடையாக இருந்தது. அதுவும் வந்துவிட்டது. இடைவெளியில்லாத சேவை, குறையில்லாத நடத்தை, இந்த இரண்டும் இருந்தால் புதிய வருடத்தில் பெயர் பட்டியலில் ஏறும். நிரந்தரமானால் அந்த அறை அவருக்கே. ஓய்வூதியமும் உண்டு. அவர் அதைப்பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் மார்கழி மாதத்தில் ஒரு நாள் காய்ச்சலோடு வந்து வேலை செய்தார். வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

"ஒரு நாள் நின்னாலும் சேவ முறிஞ்சிருமாம். கந்தோர்ல சொன்னாங்க. இவ்வளவு நாள் இருந்துட்டு இப்ப முறிப்பேனா?"

அந்த மார்கழியில் மழை விடவில்லை. சுண்ணாம்புக் குழி நிரம்பி மேலே தண்ணீர் நின்றது. சனிக்கிழமை சாடியைக் கவிழ்க்க முடியாமல் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டோம். அடுத்த வாரம் நடுவிலேயே சாடி கழுத்துவரை வந்துவிட்டது.

சம்பவம் நடந்த நாளில் லக்கலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சளிப் பரிசோதனைக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். தகடுகளுக்குச் சாயம் ஏற்றிவிட்டு, கந்தக அமிலத்தால் சாயத்தைக் கழுவினேன். கழுவிய அமிலம் தட்டில் நின்றது. சாடியில் இடமில்லை. களஞ்சியத்தில் வெற்றுச் சாடி ஒன்று இருந்தது. களஞ்சியம் முற்றத்துக்கு அந்தப் பக்கம், நாற்பது அடி தூரம். மழை பெய்துகொண்டிருந்தது. தட்டை வாளிக்குள் கவிழ்த்தேன். இரண்டாவது தொகுதித் தகடுகளுக்குப் பிறகும் கவிழ்த்தேன். இன்றைக்கு மட்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அக்கா தூவப்போகும் பவுடரைப்பற்றி நினைத்ததாக நினைவில்லை. நினைத்தும் விட்டிருந்தேனா என்று பலமுறை என்னைக் கேட்டிருக்கிறேன். இல்லை என்றே ஒவ்வொரு முறையும் பதில் வருகிறது. அந்தப் பதிலை நான் எவ்வளவு நம்பலாம் என்று தெரியாது.

பதினொரு மணிக்கு அவர் வந்தார். நான் குழாயடியில் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். முதுகுப்பக்கம் மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"இன்னைக்கி பாரமா இருக்கே. ஊர்ச் சளி பூரா இங்கதான் போல."

"லக்கலைச் சளி அக்கா. பாத்துத் தூக்குங்க."

எரிகுழிக்கு மேலே தகரக் கூரை போட்டிருந்தார்கள். மூன்று பக்கமும் மறைப்பு. அதற்குள் குனிந்து அவர் வாளியைத் திறந்திருக்கிறார். நான் கேட்டது வாளி உருண்ட சத்தத்தை. ஓடிப் போனபோது அவர் மழையில் முழங்கால் ஊன்றி இருந்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தார். தகரக் கூரைக்குக் கீழே மங்கலான மஞ்சள் பச்சைப் புகை இன்னும் நின்றது. அந்தக் குளோரின் மணம் எனக்குத் தெரியும். எனக்கும் இருமல் வந்தது.

நான்கு நாள் வார்டில் இருந்தார். முதல் இரண்டு நாள் பேச முடியவில்லை. மூன்றாம் நாள் போனபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். குரல் காற்றுப்போல வந்தது.

"தம்பி, இந்த நாள சேவையில கணக்கெடுப்பாங்களா?"

"வேலைல நடந்ததுதானே. எடுப்பாங்க."

"கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். எடுப்பார்கள், ஆனால் விபத்து எப்படி நடந்தது என்று ஆய்வுகூடத்திலிருந்து அறிக்கை வரவேண்டும் என்று கந்தோரில், அதாவது வைத்தியசாலை அலுவலகத்தில், சொன்னார்கள். லெப் ஐயா என்னைக் கூப்பிட்டார். நான் வசனம் கோர்ப்பேன் என்று அவருக்குத் தெரியும். கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு அந்த நாட்களிலேயே துணுக்குகள் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"நீர்தானே அண்டைக்கு இங்க நிண்டனீர். நடந்ததை எழுதும்."

எழுதினேன். அமயத் தொழிலாளி, குறித்த தினம் முற்பகல் பதினொரு மணியளவில், சளிக் கிண்ணங்கள் இருந்த வாளியில் பிளீச்சிங் பவுடர் இட்டார். ஆய்வுகூடக் கழிவு முறையில் பவுடர் இடுவது சொல்லப்படவில்லை. எரிகுழியில் வாளியைத் திறந்தபோது வெளிவந்த வாயுவைச் சுவாசித்துப் பாதிக்கப்பட்டார். இவ்வளவுதான். மூன்று வசனங்கள். பின்னர் இருபது வருடம் பத்திரிகை மேசையில் மற்றவர்களின் செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். யார், என்ன, எங்கே, எப்போது எல்லாம் என் அறிக்கையில் இருந்தன. ஒரு வசனத்தையும் பொய் என்று யாரும் அடிக்க முடியாது.

லெப் ஐயா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சாடியைப் பார்த்தார். அது கழுத்துவரை நிரம்பி அப்படியே நின்றது. பவுடரும் சளியும் மட்டும் சேர்ந்து அப்படிப் புகையாது என்று அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர்.

"இதில கிடக்கிறது எல்லாம் உண்மைதானே?"

"உண்மைதான் ஐயா."

"அப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டார். அன்று பின்னேரம் களஞ்சியத்துக்குத் தானே நடந்து போய் வெற்றுச் சாடியை எடுத்துவந்து பழைய சாடியின் பக்கத்தில் வைத்தார். அதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் அங்கிருந்து விலகும்வரை சொல்லவில்லை.

அறிக்கையைக் கந்தோரில் சிங்களத்தில் தட்டச்சு செய்தார்கள். அக்கா அதை ஏற்றுக்கொண்டு கைநாட்டு வைக்க வேண்டும். கந்தோரில் எழுத்துவேலை பார்த்த லிகிதர் நல்ல மனிதர். விளங்காத கடதாசியில் கைநாட்டு வாங்கக் கூடாது, நீ தமிழில் படித்துச் சொல் என்று என்னிடமே கொடுத்தார்.

படித்தேன். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நான்தானே பவுடர் போட்டேன்."

கைநாட்டு மை பூசிக் கடதாசியில் அழுத்தினார். விரலைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"ஆனா தம்பி, எத்தன வருசமா போடுறேன். ஒண்ணும் ஆகலியே. அன்னைக்கி மட்டும் ஏன் அப்பிடிப் பொகைஞ்சிச்சு?"

லிகிதருக்குத் தமிழ் விளங்கும். அவரும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவர் பார்த்திருக்காவிட்டால் சொல்லியிருப்பேன் என்று சில வருடங்கள் எனக்குச் சொல்லிவந்தேன். இப்போது சொல்வதில்லை.

"பவுடர் கூடிப் போயிருக்கும் அக்கா. அளவுக்கு மேல போனா அது மூச்ச அடைக்கும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இருக்கும். அன்னைக்கி ரெண்டு கை போட்டேன். சளி கூட இருந்திச்சின்னு."

புதிய வருடத்துப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. சொல்லாத பொருளை உபயோகித்து ஆபத்து விளைவித்தவர் என்று காரணம் எழுதியிருந்தார்கள். அமய வேலையும் மாத முடிவோடு நின்றது. நான் உட்பட யாரும் கந்தோரில் போய்ப் பேசவில்லை. அறையைக் காலி செய்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு ரத்தோட்டை பஸ்ஸில் தங்கை வேலை செய்த தோட்டத்துக்குப் போனார். போகுமுன் ஆய்வுகூடத்துக்கு வந்து வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனார் என்று அவருக்குப் பதிலாக வந்த ஆள் சொன்னார். நான் அன்று லீவு போட்டிருந்தேன்.

அடுத்த வருடம் நான் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போய்ப் பத்திரிகையில் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தடவை விடுமுறையில் வந்தபோது, ரத்தோட்டையில் உறவினர் ஒருவரின் மரண வீட்டுக்குப் போக மாத்தளையில் பஸ் ஏறினேன். பங்கீட்டுக் கூப்பன் அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் ஒருவர் இருந்தார். முகத்தைக் கண்டல்ல, இருமலைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

"தம்பியா! ஆளே தெரியல. கொழும்புத் தண்ணி ஒத்துக்கிச்சு போல. வயிறு முன்னால வருது."

குரல் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பஸ் இரைச்சலில் அவர் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. லெப் ஐயாவை விசாரித்தார். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். தனக்குத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியவில்லை, தங்கையின் காம்பராவில்தான் இருப்பதாகச் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, போன மழையில் லயத்துக்கு வயிற்றோட்டம் வந்ததைச் சொன்னார்.

"டிஸ்பென்சர் ஐயா டின்ன என் கையில குடுத்துட்டாரு. நீ ஆஸ்பத்திரில இருந்தவ, ஒனக்குத்தான் அளவு தெரியும்னு. எல்லாரும் அள்ளிப் போடச் சொன்னாங்க. நான் விடல. படிக்கி ஒரு கரண்டி, அவ்வளவுதான். பீலிக்கு போடவே விடல. தண்ணியில கூடிப்போனா யாருக்காச்சும் மூச்ச அடைச்சிரும். தம்பி சொன்னது மனசுல இருந்திச்சில்ல?"

"யாருக்கும் ஏதாவது ஆச்சா அக்கா?"

"அஞ்சாறு பேருக்கு நோய் கண்டிச்சு. தங்கச்சி மக சின்னவ போயிட்டா. மூணு வயசு."

பவுடரை அள்ளிப் போட்டிருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும் என்று நான் எழுதமாட்டேன். பவுடர் போட்ட லயங்களிலும் பிள்ளைகள் இறந்தார்கள். தண்ணீர் எங்கே கெட்டது, எப்போது கெட்டது என்று யாரும் பரிசோதிக்கவில்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு டின் பவுடர் அவர் கையில் இருந்தது, அதை அவர் அள்ளிப் போடவில்லை, அப்படிப் போடாததற்குக் காரணம் நான் சொன்ன ஒரு வாக்கியம்.

பஸ் இரண்டு வளைவு திரும்பியது. பிறகு சொன்னேன். சாடி நிரம்பியிருந்தது, மழை, அமிலத்தை நான்தான் வாளிக்குள் ஊற்றினேன், புகை வந்தது அதனால்தான், பவுடர் கூடியதால் அல்ல. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். அறிக்கையில் எழுதியிருந்தால் அது ஒரு வசனம்தான்.

அவர் அரிசிப் பையின் வாயைத் திறந்து, மறுபடி இறுக்கிக் கட்டினார்.

"அப்ப போட்டிருக்கலாம்" என்றார்.

கேள்வியா என்று முகத்தைப் பார்த்தேன். கேள்வி இல்லை.

"ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போடுறேன் அக்கா. நடந்தது முழுக்க எழுதுறேன். வேலைய திருப்பித் தரச்சொல்லி…"

"அந்த வேலையா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "இந்த நெஞ்ச வெச்சிக்கிட்டு வாளி தூக்குறதா? அத விடுங்க."

தோட்டத்துச் சந்தி வந்தது. எழுந்து, பையைத் தலையில் தூக்க முயன்றார். தூக்கிவிட்டேன். படியில் ஒரு காலை வைத்தபிறகு குனிந்து, கண்டக்டருக்குக் கேட்காதபடி சொன்னார்.

"இத என் தங்கச்சிக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க தம்பி. எங்கயாச்சும் எழுதினாலும் அவ காதுக்கு வந்துரும். எனக்கு வேற போக்கிடம் இல்ல."

பிரஜாவுரிமை கிடைக்காத தங்கையின் குடும்பம் சில வருடங்களில் இந்தியாவுக்குப் போனது. அவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இருந்ததால் அவர்களோடு போக முடியவில்லை. அதே லயத்தில் யாரோ ஒருவரின் காம்பராவில் இருந்து இறந்ததாக ரத்தோட்டை உறவினர் சொன்னார். எப்போது என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

வைத்தியசாலைக்கு நான் கடிதம் எழுதவில்லை. எழுதினால் விசாரிக்க ஆள் வரும், லயத்தில் கதை பரவும், அவர் கேட்டுக்கொண்டது அதைத்தானே என்று வைத்துக்கொண்டேன். தங்கையின் குடும்பம் கப்பல் ஏறிய பிறகு அந்தக் காரணம் இல்லை. அதற்குப் பிறகும் எழுதவில்லை.